கட்டிக் கொடுத்தாச்சு

நண்பர்களே, வணக்கம்.

முதலில், நம் வாயில் தினமும் புழங்கும் ஒரு பேச்சைப் பார்த்துவிடுவோம். பையனுக்கு என்ன செய்கிறோம்? 'கல்யாணம் பண்ணி வைக்கிறோம்.' பெண்ணை? 'கட்டிக் கொடுக்கிறோம்.' காலாகாலத்தில் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்கிறோம். அந்தப் பேச்சில் கொடுப்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார். அவளைக் கேட்டீர்களா என்பதற்குத்தான் இடமே இல்லை.

இந்தக் கேள்வியை நீதிமன்றம்வரை கொண்டுபோனவர் ருக்மாபாய். 1864இல் பம்பாயில் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கு 14 வயதில் கல்யாணம், 15இல் குழந்தை, 17இல் கைம்மை. அந்தக் குழந்தைதான் ருக்மாபாய். அவருக்கும் 11 வயதில் தாலி ஏறியது. மாப்பிள்ளை தாதாஜிக்கு 19. ஆனால் ருக்மாபாய் புகுந்த வீட்டுக்குப் போகவில்லை. அம்மா மறுமணம் செய்துகொண்டவர். வளர்ப்புத் தந்தை மருத்துவர். அந்த வீட்டிலேயே இருந்து படித்தார். 1884இல் தாதாஜி வழக்குப் போட்டார்: என் மனைவியை என்னோடு வாழ அனுப்பி வையுங்கள்.

ருக்மாபாயின் பதில் எளிமையானது. விவரம் தெரியாத வயதில், என் சம்மதம் இல்லாமல் நடந்த கல்யாணம் அது. அதற்காக நான் எப்படி அவரோடு போய் வாழ முடியும்?

1885இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. மனைவியைச் சேர்ந்து வாழ வைக்கும்படி வழக்குப் போடுவது இங்கிலாந்துச் சர்ச் நீதிமன்றங்களின் வழக்கம். இந்து சட்டத்தில் அதற்கு அடிப்படையே இல்லை என்றார் அவர். நம் பண்பாடு போச்சே என்று கூச்சல் போட்டவர்களின் கையில் இருந்தது கப்பலில் வந்து இறங்கிய சட்டம்! வழக்கம், வழக்கம் என்று யாராவது அடித்துப் பேசினால், எந்த ஊர் வழக்கம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மேல்முறையீடு. 1887இல் தீர்ப்பு தலைகீழானது: கணவனோடு போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். பின்னாளில் சுயராஜ்யம் பிறப்புரிமை என்று முழங்கிய திலகர்கூட அந்தப் பெண்ணை எதிர்த்து எழுதினார். கடைசியில் 1888இல், 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி ஒதுங்கினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

சட்டம் என்ன செய்தது? வயதை எண்ணியது. 1860இன் தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது, அதாவது அதற்குக் கீழே என்றால் கணவனே தொட்டாலும் வல்லுறவு என்ற வயது, 10. கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, தன்னைவிடப் பல மடங்கு மூத்த கணவனால் சிதைக்கப்பட்டு இறந்தாள். அவளுக்கு 10 தாண்டிவிட்டதாம்; அதனால் அது வல்லுறவு ஆகாதாம். கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல், அவ்வளவுதான். அந்தச் சாவுக்குப் பிறகு, 1891இல் 10 என்பது 12 ஆனது. 1929இல் குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம், பெண்ணின் கல்யாண வயது 14 என்றது. 1930 ஏப்ரலில்தான் அமலுக்கு வரும் என்று தெரிந்ததும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஊர் ஊராகக் குழந்தைகளுக்குக் கல்யாணம் நடந்தது. 1978இல் 18.

எண்களைக் குறை சொல்லவில்லை. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன் கல்யாணம் ஆனவர்கள், தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2005-06இல் நூற்றுக்கு 47 பேர். 2019-21இல் 23 பேர். பெரிய மாற்றம்தான். ஆனாலும் நாலில் ஒருத்தி என்பது சின்னக் கணக்கா?

பெற்றோரை அரக்கர்களாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன் என்கிறாளே ஒரு தாய், அவள் பொய் சொல்லவில்லை. வயது ஏற ஏற வரதட்சணை ஏறுகிறது. பெண் யாரோடாவது பேசிவிட்டால் ஊர் வாய் மூடாது. அப்பன் கூலிக்குப் போயிருக்கும்போது வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். இத்தனை பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்தாகத் தாலியைப் பிடித்துக்கொள்கிறார்கள். பயம் அவர்களுடையது, மருந்தைக் குடிப்பது அவள்.

2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, சின்ன வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண் 20 வயது ஆவதற்குள் நீதிமன்றம் போய் அதை ரத்து செய்யச் சொல்லலாம். நல்லது. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருக்கும் 19 வயதுக்காரிக்குப் பஸ் காசு யார் கொடுப்பார்கள்?

ஒரு தலைமையாசிரியை என்னிடம் சொன்னது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி லீவு முடிந்தும் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்கே போயிருக்கிறார். வாசலில் பந்தல்கால் ஊன்ற குழி தோண்டியிருந்தது. பாட்டி பேசினாள், மாமன் பேசினான், இவரும் சட்டம், போலீஸ் என்று பேசினார். சரி, நிறுத்திவிடுகிறோம் என்றார்கள். நடுவே தட்டில் டீ கொண்டுவந்து வைத்தவள் அந்தப் பிள்ளைதான். "பஸ் ஏறின பிறகுதான் சார் தோணுச்சு," என்றார். "நானும் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."