பரோட்டாவா, புரோட்டாவா? ஒரு வீட்டு வழக்கு

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் முதலில் ஒரு குடும்ப வழக்கை எடுத்துக்கொள்கிறேன். விருதுநகரில் பிறந்து சென்னையில் வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "நான் புரோட்டா என்றால் என் கணவர் சிரிக்கிறார். பரோட்டாதான் சரியாம். மகன் கட்டுரை நோட்டில் புரோட்டா என்று எழுதினான், ஆசிரியையும் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார். எங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டாவை வேறு எப்படி ஐயா சொல்வது?"

அம்மா, உங்கள் கணவரிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். பரோட்டாவும் அசல் இல்லை. வடக்கே அது 'பராட்டா'. கடைசி எழுத்தில் கொஞ்சம் மூச்சுக்காற்றும் சேரும். நடுவில் இருப்பது ரா, ரோ அன்று. தெற்கே வந்து சேர்வதற்குள் ரா, ரோவாகிவிட்டது. சிங்கப்பூர்க்காரர்கள் 'பிராட்டா' என்கிறார்கள். ராவைக் காப்பாற்றிவிட்டு முதல் எழுத்தைத் தேய்த்துவிட்டார்கள். மலையாளிகளுக்கு அது 'பொறோட்டா'. ஆக, பாதி வழியில் நிற்பவர், இன்னும் இரண்டு எட்டு நடந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இந்தப் 'பு' எங்கிருந்து வந்தது? கண்ணாடி முன் நின்று மெதுவாகப் பரோட்டா என்று சொல்லிப் பாருங்கள். 'ப'வில் உதடு மூடுகிறது. 'ரோ'வில் குவிகிறது. இடையில் இருக்கும் சின்ன அகரத்துக்காக மட்டும் வாயைத் திறந்துவிட்டு மறுபடி குவிக்க வேண்டும். பசியோடு உட்கார்ந்திருப்பவர் அதற்கெல்லாம் மெனக்கெடுவாரா? குவித்தபடியே கடந்துவிடுகிறார், புரோட்டா வந்துவிடுகிறது. பெட்டி பொட்டியானதும், பிடி புடியானதும், மிளகாய் மொளகாயானதும் ஏறக்குறைய இதே உதட்டு வேலைதான். ஒரு வேறுபாடு: மொளகாயை நாம் பேச்சோடு நிறுத்திக்கொண்டோம், புரோட்டா அச்சுக்கும் ஏறிவிட்டது. அதனால் அந்தச் சிவப்பு வட்டம் சற்று அதிகம் என்பது என் கட்சி.

ஒருமுறை ஒரு சாலையோரக் கடையில் பார்த்தேன். வாசல் பலகையில் 'புரோட்டா', உள்ளே விலைப்பட்டியலில் 'பரோட்டா', கையில் வந்த ரசீதில் 'புரட்டா'. நான் வேண்டுமென்றே அகரத்தை அழுத்தி, "இரண்டு பரோட்டா" என்றேன். பரிமாறுபவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி, "ஐயாவுக்கு இரண்டு புரோட்டா" என்று கல்லடியில் நின்றவருக்குக் குரல் கொடுத்தார். முதலாளியிடம் எது சரி என்று கேட்டேன். "சால்னா போதுமா பாருங்கள்" என்றார்.

இட்லியா, இட்டலியா என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். இட்டலி என்று எழுதுவது பண்டிதர்களின் பிடிவாதம் மட்டும் இல்லை. ட் என்ற மெய்க்குப் பின்னால் வேறு மெய் வந்தால் அது க, ச, ப மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது தொல்காப்பியக் கணக்கு. வெட்கம், காட்சி, நட்பு. 'ட்ல' அந்தக் கணக்கில் இல்லை; நடுவில் ஓர் அகரத்தை வைத்தால் தமிழ் நாக்குக்கு வசதி. பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில்கூட ஏறத்தாழ 'இட்டலிகெ' என்றுதான் வருகிறது. நான் வீட்டில் இட்லி என்றுதான் கேட்கிறேன், அதுவும் வருகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை விட மாட்டேன். கணவர் 'வாயப்பயம்' என்கிறார், நீங்கள் 'வாளைப்பளம்' என்கிறீர்கள், இதில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். யார் பக்கமும் இல்லை! வந்த சொல்லை நாம் வளைக்கலாம். வாழையும் பழமும் நம் வீட்டுச் சொற்கள், அவற்றில் நான் கறார்ப் பேர்வழி. 'ள' சொல்லும்போது நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. அதே வளைவை வைத்துக்கொண்டு, தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். காற்று அந்த இடுக்கில் ஓடும், ழ கேட்கும். கணவருக்கு இன்னும் கடினம். 'ய' சொல்லும்போது நுனிநாக்கு கீழேயே படுத்திருக்கும், அவர் அதை முதலில் எழுப்ப வேண்டும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பத்து முறை சொல்லிப் பாருங்கள். மகன் நடுவராக இருக்கட்டும், சிவப்பு மையையும் அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

சால்னாவும் சேர்வாவும் ஒன்றா என்ற உங்கள் இன்னொரு கேள்விக்கு அடுத்த வாரம் வருகிறேன். அதற்கு நான் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.