தேசிய அணிக்கு ஆள் எங்கிருந்து வந்தது?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, பின்வரிசையில் சமோசா வாசனை வந்தபிறகும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

இன்றைய தலைப்பு: ‘ஆஸ்திரேலியாவில் பெண்கள் ரக்பி லீக்கை வளர்த்தது தேசியப் போட்டியா, வட்டாரப் போட்டியா?’ எனக்கு முன்னால் பேசிய சகோதரி தேசியப் போட்டியான என்ஆர்எல்டபிள்யூவுக்காக வெளுத்து வாங்கிவிட்டார். டிவி வந்தது, கூட்டம் வந்தது, சம்பளம் வந்தது என்றார். 2023 ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 30,000 டாலர், அது 2027-ல் 50,600 ஆகும் என்று கணக்கும் சொன்னார். அத்தனையும் உண்மை. பெண்களுக்குக் காசு கிடைப்பதை எதிர்த்துப் பேச நான் இங்கே வரவில்லை. அப்படிப் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தச் சம்பளத்தை வாங்க ஆள் எங்கிருந்து வந்தது?

என்ஆர்எல்டபிள்யூ 2018-ல் தொடங்கியபோது மொத்தம் நான்கு அணி. பிரிஸ்பேன் பிராங்கோஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். ஓர் அணிக்கு மூன்று ஆட்டம், அப்புறம் ஓர் இறுதி ஆட்டம். முடிந்தது சீசன். நடுவர் அவர்களே, மூன்று ஆட்டம்! நம் ஊர்க் கல்யாணமே மூன்று நாள் நடக்கும். மூன்று ஆட்டத்தில் ஒரு பெண் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டுவிட முடியுமா?

இதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு நிமிடம். ஓர் அணிக்குப் 13 பேர். பந்தோடு ஓடுகிறவரை எதிரணி பிடித்துச் சாய்க்க வேண்டும். நம் சடுகுடுவில் பிடிக்கிற மாதிரிதான், ஆனால் இங்கே வருகிறவர் முழு வேகத்தில் வருவார். சாய்ந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்பவர் அதை எடுத்து அடுத்த ஆட்டத்தை ஆரம்பிப்பார். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து அடுத்தவர் கைக்குப் போய்விடும். விழுந்து எழுந்து உருட்டுகிற அந்த இரண்டு மூன்று நொடி இருக்கிறதே, ஆட்டமே அதில்தான் இருக்கிறது. எழுந்திருப்பது அரை நொடி தாமதமானால் எதிரணித் தடுப்பு வரிசை கட்டி நின்றுவிடும். அந்த அரை நொடியை டிவி கேமரா கற்றுத் தராது. ஈரப் புல்லில் நூறு முறை விழுந்தால்தான் வரும். அப்படி விழுவதற்கு இடம் கொடுத்தது எது? வட்டாரப் போட்டி.

எங்கள் குயின்ஸ்லாந்தையே எடுத்துக்கொள்கிறேன். 2020-ல் மாநில அளவில் பெண்களுக்கு ஒரு போட்டி தொடங்கினார்கள், பின்னாளில் பிஎம்டி பிரீமியர்ஷிப் என்று பெயர் பெற்றது. முதல் சுற்று முடிந்தது, கொரோனா வந்தது, போட்டி நின்றது. செத்துப்போயிருக்க வேண்டிய குழந்தை. 2021-ல் எழுந்து உட்கார்ந்தது. அதில் ஆடிய அணிகளில் சில: பர்லி பேர்ஸ், வின்னம் மேன்லி சீகல்ஸ், சவுத்ஸ் லோகன் மாக்பைஸ், பிரிஸ்பேன் டைகர்ஸ், ட்வீட் சீகல்ஸ். இந்த ட்வீட் ஹெட்ஸ் வரைபடத்தில் நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது, ஆனால் ஆடுவது குயின்ஸ்லாந்து போட்டியில். வட்டாரம் என்பது அரசாங்கம் போட்ட கோடு இல்லை, சனங்கள் போய் வருகிற தூரம். அது கிடக்கட்டும். முக்கியமான இரண்டு அணி இனிமேல்தான். ராக்ஹாம்ப்டனிலிருந்து சென்ட்ரல் குயின்ஸ்லாந்து காப்ராஸ். டவுன்ஸ்வில்லிலிருந்து நார்த் குயின்ஸ்லாந்து கோல்ட் ஸ்டார்ஸ்.

டவுன்ஸ்வில் இங்கே பிரிஸ்பேனிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வருகிற தூரம். அந்த ஊரில் 2018-ல் தேசிய அணி இல்லை. 2022-லும் இல்லை. 2023-ல் பத்து அணியாகப் பெருக்கியபோதுதான் கௌபாய்ஸ் பெண்கள் அணி வந்தது. அதுவரை அந்த வடக்குப் பெண்கள் எந்தச் சட்டையைப் போட்டு ஆடினார்கள்? கோல்ட் ஸ்டார்ஸ் சட்டையை. ராக்ஹாம்ப்டனுக்கு இன்றைக்கும் தேசிய அணி கிடையாது. மத்திய குயின்ஸ்லாந்துக்காரர் டமிகா அப்டன் 2023-ல் டாலி எம் விருது வாங்கினார், அந்த ஆண்டின் தலைசிறந்த வீராங்கனை. அவர் வாங்கியபோது போட்டிருந்தது நியூகாசில் சட்டை. ஆனால் அவரை முதலில் ‘வா, ஆடு’ என்று கூப்பிட்டது அவருடைய வட்டாரம்தான்.

எதிரணித் தம்பி கை தூக்குகிறார். ‘தேசியப் போட்டி இல்லையென்றால் அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்குமா?’ என்கிறார். தெரிந்திருக்காது தம்பி. தலைப்பு ‘வளர்த்தது எது’. ‘விளம்பரம் செய்தது எது’ என்று தலைப்பு இருந்திருந்தால் நான் உங்கள் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்றும் கேளுங்கள். என்ஆர்எல்டபிள்யூ இறுதி ஆட்டத்தில் சிறந்த வீராங்கனைக்குக் கொடுக்கிற பதக்கத்தின் பெயர் கேரின் மர்ஃபி பதக்கம். யார் இந்தக் கேரின் மர்ஃபி? குயின்ஸ்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தலைவியாக இருந்தவர். என்ஆர்எல்டபிள்யூவில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அது தொடங்குவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ஆடியதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மோதிய காலம். 1999-ல் தொடங்கிய அந்தக் குயின்ஸ்லாந்து - நியூ சவுத் வேல்ஸ் மோதலில் நியூ சவுத் வேல்ஸ் முதல் முறை ஜெயித்ததே 2016-ல்தான். அதுவரை எங்கள் பெண்கள் விடவில்லை. டிவி இல்லை, சம்பளம் இல்லை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஆடினார்கள். 2018-ல் அதற்கு ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ என்று ஆண்கள் ஆட்டத்தின் பெயரையே சூட்டி, நார்த் சிட்னி ஓவலில் நடத்தினார்கள். தேசியப் போட்டி தன் பெரிய ஆட்டத்தின் பதக்கத்துக்குப் பெயர் தேடியபோது அதற்குள்ளே கிடைக்கவில்லை, நடுவர் அவர்களே. எங்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனது.

நியூசிலாந்து வாரியர்ஸ் கதையையும் சொல்கிறேன், இது கொஞ்சம் வேதனையான கதை. முதல் ஆண்டிலேயே இருந்த அணி. கொரோனாக் காலத்தில் 2020-க்குப் பிறகு விலகியது, 2025-ல்தான் திரும்பி வந்தது. இடையில் அந்த நாட்டுப் பெண்களுக்குச் சொந்த மண்ணில் தேசியப் போட்டி அணி கிடையாது. ஆட்டம் செத்ததா? 2022 நவம்பரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில். ஆஸ்திரேலியாவோடு மோதியது நியூசிலாந்து. 54-4 என்று அடி வாங்கினார்கள், மறைக்கவில்லை. மறு ஆண்டே மெல்போர்னில் அதே ஆஸ்திரேலியாவை 12-10 என்று வென்றார்கள். ‘அவர்களில் பலர் ஆஸ்திரேலியக் கிளப்புகளில் ஆடியவர்கள்’ என்று எதிரணி சொல்லும். சரி, ஒப்புக்கொள்கிறேன், அது அவர்கள் கணக்கில் போகட்டும். ஆனால் ஆஸ்திரேலியக் கிளப் தேடி வந்து கூட்டிப்போகிற அளவுக்கு அந்தப் பெண்களை ஆளாக்கியது யார்? உள்ளூர்ப் போட்டிதானே?

கடைசியாக என் வீட்டுக் கதை. இங்கே சிறுவயதில் பெண் குழந்தைகள் பையன்களோடு சேர்ந்தே ஆடலாம். 12 வயதைத் தாண்டினால் முடியாது. என் மகளுக்கு அந்த வயது வந்தபோது பக்கத்தில் பெண்கள் அணி இல்லை. பூட்ஸைக் கழற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள். ஒரு வருஷம் அதை எடுக்கவே இல்லை. நானும் ‘போகட்டும், படிப்பைப் பாரு’ என்றுதான் சொன்னேன், அப்பன் அல்லவா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூர்பாரூவில் லாங்லண்ட்ஸ் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். டைகர்ஸ் பெண்கள் ஆட்டம். ரொட்டித்துண்டில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துக் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் வேலியோரமாக நின்றோம். தலையில் டேப் சுற்றிய ஒரு வீராங்கனை எங்களுக்கு நேர் எதிரே பிடிபட்டு விழுந்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே, டிவியில் கேட்காது. வயிற்றிலிருந்து காற்று வெளியேறுகிற சத்தம். எழுந்தார், பந்தை உருட்டினார், ஓடிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் வேலியருகே வந்து, அங்கே நின்ற சின்னப் பையனிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தார். அது அவருடைய மகன்தான். என் மகள் அவரிடம், ‘வலிக்காதா?’ என்று கேட்டாள். ‘நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகும்போது வலிக்கும்’ என்றார்.

வீட்டுக்கு வந்து அலமாரி மேலிருந்து பூட்ஸை எடுத்தாள். பத்தவில்லை. கால் வளர்ந்துவிட்டது.

மணி அடித்துவிட்டார்கள். புது பூட்ஸ் வாங்கியாயிற்று, அணியும் கிடைத்துவிட்டது, நாற்பது நிமிடம் கார் ஓட்ட வேண்டும், பரவாயில்லை. நாளைக் காலை எட்டரைக்கு ஆட்டம். நடுவர் தீர்ப்பைச் சீக்கிரம் சொன்னால் நான் கொஞ்சம் தூங்கலாம். நன்றி, வணக்கம்.