டீசல் முள் தப்புக் காட்டுதா? ஃப்ளோட்டை மாத்துறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க

[காட்சி: கிருஷ்ணகிரியில் ஒரு லாரிப் பட்டறை. டேஷ்போர்டில் டீசல் முள் பாதியில் நிற்கிறது.]

வணக்கங்க. இந்த வண்டி ஓசூர்ல டேங்க் நிரப்பிட்டு வந்துச்சு. அங்கிருந்து இங்க அம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதுக்குள்ள முள் பாதிக்கு இறங்கிடுச்சு. ஓனர் போன்ல கேட்ட முதல் கேள்வி, "டீசல் எங்கப்பா போச்சு?" டிரைவர் அண்ணனுக்குப் பேச்சே வரலை. டீசல் மீட்டர் ரிப்பேரை நான் சின்ன வேலையா நினைக்காததுக்குக் காரணம் இதுதாங்க. முள் தப்பாக் காட்டினா, பழி ஓட்டுறவர் தலையில விழுது.

அதனால முதல் வேலை, வண்டியைச் சமதளத்துல நிறுத்துங்க. சரிவுல நின்னா டீசல் ஒரு பக்கமா ஒதுங்கி, நல்ல மீட்டர்கூட மாத்திக் காட்டும். சுத்தமான இரும்பு ஸ்கேலை டேங்க்குக்குள்ள விட்டுப் பாருங்க. இங்க கழுத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் நனைஞ்சிருக்கு. அதைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டுத்தான் ஸ்பேனரையே எடுத்தோம்.

[காட்சி: டேங்க் மேலே ஃப்ளோட் யூனிட், அதிலிருந்து வரும் வயர்கள்.]

டீசல்ல மிதக்குற ஃப்ளோட், ஒரு கம்பி, கம்பி நுனியில ஓம், அதாவது மின்தடை, மாத்துற பட்டை. டீசல் ஏறி இறங்க ஓம் மாறும், அதுக்கேத்தாப்ல முள் நகரும். இந்த வண்டியில ஓம் குறைஞ்சா முள் மேல போகும்.

இப்போ சோதனை. சாவியை ஆன் பண்ணிட்டு, மீட்டருக்குப் போற சிக்னல் வயரைக் கழட்டுங்க. முள் காலிக்கு விழுது பாருங்க. அதே வயரை ரெண்டு மூணு செகண்ட் மட்டும் சேஸிஸ்ல, அதாவது வண்டியோட இரும்புச் சட்டத்துல, தொடுங்க. முள் ஃபுல்லுக்குப் போகுது. அப்போ மீட்டரும் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. முள் அசையவே இல்லைன்னா ஃப்யூஸ், வயர் சேர்ற கப்ளர், நடுவுல அறுந்த வயர்னு தேடணும். டீசல் முள்ளோட டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாக் காட்டினா டேங்க் பக்கமே போகாதீங்க, கோளாறு டேஷ்போர்டுக்குள்ள.

ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டிங்க பலதுல இந்த சிக்னல் கன்ட்ரோல் யூனிட் வழியாப் போகுது. அதுல வயரைத் தொட்டுப் பாக்குற வேலை வேண்டாம், ஸ்கேனர் போடுங்க.

[காட்சி: ஃப்ளோட் யூனிட் தலையிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தனி வயர் வைக்கப்படுகிறது. முள் மெல்ல ஏறுகிறது.]

பாத்தீங்களா! எர்த்துக்கு, அதாவது கரண்ட் சேஸிஸுக்குத் திரும்புற பாதைக்கு, தனி வயர் கொடுத்ததும் முள் எழுந்துடுச்சு. டேங்க் ரப்பர் மேல உக்காந்திருக்கு, அதனால எர்த் ஏற்கெனவே இருக்கிற ஒரே வயர் வழியாத்தான் போகணும். அதோட நுனியில துரு. துரு சேர்ந்தா ஓம் கூடும், முள் இறங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வயர் நுனியில மாட்டுற லக்கைப் புதுசா வச்சு இறுக்கினோம். வேலை அவ்வளவுதான். பல பேர் எடுத்தவுடனே புது ஃப்ளோட் வாங்கிடறாங்க, எனக்கு அதுல மனசு கஷ்டம்.

எர்த் நல்லாருந்தும் முள் சரியாகலைன்னா ஃப்ளோட்டைக் கழட்டுங்க. பக்கத்துல பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. சுத்தியிருக்கிற மண்ணைத் துடைச்சுட்டுத் திறங்க, இல்லைன்னா அது நேரா டீசல்ல விழும். ஃப்ளோட்டை ஆட்டிப் பாருங்க, உள்ள டீசல் சலசலத்தா ஓட்டை. மல்டிமீட்டரை ஓம்ல வச்சு கம்பியை மெதுவா ஏத்தி இறக்குங்க. எண் சீரா மாறணும், நடுவுல தாவினா பட்டை தேஞ்சிருக்கு. புதுசு வாங்கும்போது பழசைக் கையோட கொண்டுபோங்க. காலிக்கு 240 ஓம், ஃபுல்லுக்கு 33னு ஒரு வகை இருக்கு. காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180னு இன்னொரு வகை. மாத்திப் போட்டா முள் தலைகீழா ஓடும்.

[காட்சி: தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் இறக்கம்.]

தருமபுரி தாண்டி சேலம் போறவங்களுக்கு ஒண்ணு. முள் காலிக்கு வந்துடுச்சேன்னு பயந்து, தொப்பூர் கணவாய்ல நியூட்ரல்ல இறக்காதீங்க. கியர் இல்லைன்னா பாரம் முழுக்க பிரேக் மேல ஏறும், பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிடும். டீசலும் மிஞ்சாது. நியூட்ரல்ல எஞ்சின் ஓட டீசல் போயிட்டேதான் இருக்கும். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வண்டியில, கியர்ல இருந்து ஆக்சிலேட்டரை விட்டா டீசல் போறதே நின்னுடும். சந்தேகம் இருந்தா தருமபுரியிலேயே நிறுத்தி ஸ்கேலை விட்டுப் பாருங்க.

[காட்சி: பட்டறை. முள் ஃபுல்லில். டிரைவர் போனில் பேசுகிறார்.]

"அண்ணே, எர்த் வயர்தான். போட்டோ பாத்தீங்களா?"
"பாத்தேன்பா. சாப்பிட்டுக் கிளம்பு."