கதைக்குள்ளே கணக்கும் இருக்கட்டும்

(திருகோணமலையில் இளம் தொழில்முயற்சியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தம்பிமாரே, தங்கச்சிமாரே, வணக்கம்.

நம் ஊரின் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்க்க வருகிறவர்களிடம் பாறையின் உயரத்தையா நாம் முதலில் சொல்கிறோம்? இராவணன் வாளை ஓங்கிய கதையைச் சொல்கிறோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் அப்படித்தான். தாயின் ஈமக்கடனுக்காக அவன் ஏழு கிணறுகளை உண்டாக்கிய கதைதான் முதலில் வரும், தண்ணீரின் சூடெல்லாம் பிறகு. அப்படிப்பட்ட நாம் கடன் கேட்டு வங்கி முகாமையாளர் முன்னால் உட்கார்ந்ததும், "உலகச் சந்தையில் கருவாட்டுக்குப் பெரும் கேள்வி உண்டு" என்று தொடங்கிவிடுகிறோம். யாருடைய கருவாடு, யார் வாங்குவது என்று ஒன்றுமே அவர் கண்முன் வராது.

சரி, கருவாட்டையே எடுத்துக்கொள்வோம். வெயிலில் இயங்கும் மூடிய உலர்த்தி செய்து விற்க ஒரு தம்பி நினைக்கிறார் என்று வையுங்கள். முதலில் அவர் குச்சவெளிக் கரையில் கருவாடு போடும் ஓர் அக்காவோடு ஒருநாள் முழுக்க இருக்கட்டும். கார்த்திகை மாதம். காலையில் நெத்தலியைப் பரப்புகிறார். மதியம் மேகம் கறுக்கிறது. படங்கை இழுத்து மூடுவதற்குள் பாதி நனைந்துவிடுகிறது. நனைந்ததில் ஈ மொய்க்கும், புழு வைக்கும், வாடை மாறும். வாங்க வரும் முதலாளி விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மீன் போட்டால்தான் ஒரு கிலோ கருவாடு கிடைக்கும். அப்படியென்றால் ஒரு கிலோ கெட்டால் போவது மூன்று கிலோ மீன், உப்பு, அவருடைய உழைப்பு. மாரி காலத்தில் மாதத்துக்கு எவ்வளவு இப்படிப் போகிறது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். அந்த நட்டத்தையும் உலர்த்தியின் விலையையும் பக்கத்தில் வைத்தால், போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். முகாமையாளருக்கு வேண்டியதும் அந்தக் கணக்குத்தான்.

வங்கதேசப் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் உலகத்துக்குச் சொன்ன கதையும் இப்படிப்பட்டதே. வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் சுஃபியா பேகம் என்ற பெண் மூங்கில் முக்காலி பின்னினார். மூங்கிலுக்கு ஐந்து டாக்கா கடன். கடன் கொடுத்தவருக்கே முக்காலியை விற்க வேண்டும். மிஞ்சியது ஐம்பது காசு. ஊரில் இப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கும் தேவைப்பட்ட மொத்தத் தொகை 856 டாக்கா, அன்றைய மதிப்பில் 27 டொலர்கூட இல்லை. 1976இல் யூனுஸ் அதைத் தன் கையிலிருந்து கொடுத்தார். 1983இல் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் கிராமீன் வங்கி பிறந்தது, 2006இல் நோபல் பரிசு வந்தது. வறுமை பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்த ஐம்பது காசு எனக்கு அதிகம் சொல்கிறது.

எண் என்றால் எந்த எண்ணும் ஆகாது. ஸ்மோல், லோவென்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவின் கதையைப் படித்தவர்கள், பஞ்சம் பற்றிய புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் நன்கொடை கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை இறங்கிவிட்டது. நன்கொடையும் முதலீடும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கோடிக்கணக்கான மக்களைப் பற்றிய எண்களை அந்த அக்காவின் கதைக்கு நடுவே கொட்டாதீர்கள். அவருடைய சொந்த எண்களே வரட்டும். சந்தையின் அளவைக் கேட்டால் அப்புறம் சொல்லலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இராவணன் கதைக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. தொழில் கதைக்குக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அமெரிக்காவின் தெரனோஸ் நிறுவனத்தைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸ், புற்றுநோயில் இறந்த தன் மாமாவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். ஆனால் அவருடைய இரத்தப் பரிசோதனைக் கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. கண்ணீர் வரவழைப்பதற்காக இல்லாத அக்காவை உண்டாக்காதீர்கள். இருக்கிற அக்காவிடம் அனுமதி கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கொழும்புக்குப் போனால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டிவரும் என்று பலர் தயங்குகிறீர்கள். முதலில் தமிழில், அந்த அக்காவுக்கே சொல்லிக்காட்டுங்கள். "அப்படி இல்லைத் தம்பி" என்று அவர் சொல்லும் இடங்களைத் திருத்துங்கள். அப்புறம் மொழிபெயர்க்கலாம்.

தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் கதையில் வரும் ஆளின் ஊரையும் தொழிலையும் அவருடைய ஒருநாள் வரவு செலவையும் எழுதத் தொடங்குவோம்.