பென்சில் கோட்டில் ஓடும் ஒலி

நேயர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பகல் முழுவதும் இருந்தேன். மேசைமேல் மின்னதிர்வை எழுப்ப உதவும், 40106 என்ற எண் பொறித்த ஒரு சில்லு (சிப்), மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு மின்தேக்கி, 9 வோல்ட் பேட்டரி, ஒலியைக் கூட்டித்தரும் சின்ன ஸ்பீக்கர். இவை சேர்ந்து ஒலியெழுப்பும் மின்சுற்றில் ஒரு மின்தடையும் இருக்க வேண்டும். வேண்டுமென்றே அதை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு வெற்றுக் கம்பிகளை நீட்டி வைத்து, "இந்த இடைவெளியை உங்களுக்குத் தோன்றுவதைக் கொண்டு நிரப்புங்கள்" என்றேன்.

ஒரு சிறுமி கருமையாக எழுதும் 6பி பென்சிலால் காகிதத்தில் அழுத்தமாக ஒரு பட்டைக் கோடு வரைந்தாள். ஒரு கம்பியைக் கோட்டின் முனையில் வைத்து, மற்றதைக் கோட்டின்மேல் நகர்த்தினாள். கம்பிகள் நெருங்க நெருங்க ஒலி கீச்சென்று ஏறியது. விலக விலகக் கட்டைக் குரலுக்கு இறங்கியது. பென்சிலில் உள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் தயங்கித் தயங்கித்தான் கடத்தும். கோடு நீண்டால் தடை கூடும். தடை கூடினால் மின்தேக்கி நிரம்பி வடிய அதிக நேரம் பிடிக்கும், அதிர்வு மெதுவாகும். பாடப் புத்தகத்தில் சூத்திரமாகப் படிக்கிற அதே செய்திதான். அவள் அதைக் காதால் கேட்டாள்.

பிறகு உப்புப் போட்டுப் பிசைந்த மாவு வந்தது, வெள்ளரித் துண்டு வந்தது, ஈரத்துணியும் வந்தது.

இப்படி இடைவெளி விட்டு வைப்பதற்கு ஒரு முன்னோடி உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் வைஸ்விஸ், சிறுவயதில் தந்தையின் சிற்றலை வானொலிப் பெட்டியைத் திறந்து உள்ளே விரலால் தொட்டு ஒலியெழுப்பிப் பார்த்தவர். 1970களில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் என்ற மின்னணு இசை நிறுவனத்தில் அந்த அனுபவமே 'கிராக்கிள் பாக்ஸ்' என்ற கையடக்கக் கருவியாக உருவெடுத்தது. அதில் விசைப்பலகை கிடையாது. ஆறு உலோகத் தகடுகள் மட்டும். அவற்றைத் தொடும் விரல்களின் வழியாக வாசிப்பவரின் உடலே சுற்றின் ஓர் உறுப்பாகிவிடும். ஈரக் கை ஒரு விதமாகவும் உலர்ந்த கை வேறு விதமாகவும் ஒலிக்கும்.

அவருடைய வானொலி விளையாட்டை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். பிளக்கில் செருகி இயக்கும் எந்தக் கருவியையும் திறந்து தொடக் கூடாது. அது உயிரைப் பறிக்கும். நான் சொல்லும் கலை பேட்டரியோடு நின்றுவிட வேண்டிய கலை.

அமெரிக்காவில் ரீட் கசாலா என்ற இளைஞர் 1960களில், முதுகு திறந்துகிடந்த ஒரு பொம்மை ஒலிபெருக்கியை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். உள்ளே ஏதோ உலோகம் பட்டுக் குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டது. கேட்டறியாத ஒலிகள் எழுந்தன. நம்மில் பலர் அதைக் கோளாறு என்று தள்ளியிருப்போம். அவர் அதே வழியில் கருவிகள் செய்யத் தொடங்கினார். செயல்முறை வகுப்பில் 'தவறான இணைப்பு' என்று சிவப்பு மையால் சுழிக்கும்போதெல்லாம் அந்த இழுப்பறை எனக்கு நினைவுக்கு வரும்.

அன்று மாலை மின்தடையின் இடத்தைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். இருவர் கைகோத்து ஆளுக்கொரு கம்பியைப் பிடித்ததும் ஒலி முனகியது. பிடியை இறுக்கியபோது ஏறியது. நால்வர், எட்டுப் பேர், கடைசியில் வகுப்பு முழுவதும். வரிசை நீள நீள ஒலி இறங்கி, சுருதியாகக் கேட்பது நின்று, தனித்தனி 'டக்... டக்...' ஆயிற்று. யாரும் பேசவில்லை. நடுவில் யாரோ ஒருவர் கையை அழுத்தினார். டக் டக் டக் என்று வேகமெடுத்தது. யார் அழுத்தியது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வணக்கம்.