ஆலை வாசலில் பிறந்த அணி

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம். பிரேசில் கால்பந்து என்றதும் பெலேயும் மரக்கானா மைதானமும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது பாங்கூ என்ற சின்ன கிளப்பைப் பற்றி.

ரியோ டி ஜெனீரோவின் மேற்குக் கோடியில், வெயில் கொளுத்தும் புறநகர் பாங்கூ. அங்கே பெரிய துணி ஆலை ஒன்று இருந்தது. வேலைக்காகப் பிரிட்டனிலிருந்து தொழில் தெரிந்தவர்களை வரவழைத்தார்கள். அப்படி வந்தவர்கள் முன்னின்று, 1904 ஏப்ரல் 17 அன்று கிளப்பைத் தொடங்கினார்கள்.

அப்போது நகருக்குள் ஃபுளுமினென்சே போன்ற கிளப்புகளில் ஆடியவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். பாங்கூவிலோ வெள்ளைக்காரர்களை மட்டும் வைத்து ஆட ஆள் தேறவில்லை. சரி, தறியில் நின்றவர்களையும் கூப்பிட்டார்கள். கொள்கை பேசிக் கூப்பிடவில்லை, ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1905 மே 14 அன்று ஃபுளுமினென்சேவை எதிர்த்து பிரான்சிஸ்கோ கரேகால் களம் இறங்கினார். நெசவாளி. அப்பா போர்த்துகீசியர், அம்மா கறுப்பினப் பெண். பிரேசிலில் அடிமை முறையை ஒழித்த சட்டம் வந்து அப்போது 17 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆட்டத்தில் பாங்கூ 5-3 என்று ஜெயித்தது.

இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. வெள்ளையர் அல்லாதவர்களை அமெச்சூர், அதாவது சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களாகப் பதிவு செய்ய மாட்டோம் என்று 1907இல் ரியோ லீக் அறிவித்தது. தேவைக்காகச் சேர்த்துக்கொண்டவர்களை அன்றைக்கே கழற்றிவிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாங்கூ லீக்கை விட்டே வெளியேறியது. பின்னால் வென்ற கோப்பைகளை எல்லாம் விட எனக்கு இந்த விலகல்தான் பெரிது. கறுப்பின ஆட்டக்காரர்களோடு 1923இல் பட்டம் வென்ற வாஸ்கோ ட காமா என்ற ரியோ கிளப்பை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். கரேகாலையும் கூடவே சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அப்புறம் கோப்பைகளும் வந்தன. 1933இல் ரியோ பட்டம். 1966இல் மறுபடியும், மரக்கானாவில் ஃபிளமெங்கோவுக்கு எதிராக 3-0. தோல்வி பொறுக்காமல் எதிரணி அடிதடியில் இறங்க, ஆட்டம் பாதியிலேயே முடிந்தது. பிரேசிலின் பெரும் தடுப்பாட்டக்காரர் டொமிங்கோஸ் ட கியா இந்த மண்ணின் பிள்ளை. அவர் மகன் அடெமிரும் இங்கேதான் ஆடத் தொடங்கினார்.

1985இல் தேசியப் பட்டமே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இறுதி ஆட்டம் மரக்கானாவில், எதிரே கொரிச்சிபா. 1-1 என்று நின்று பெனால்டிக்குப் போனது. பாங்கூ 6-5 என்று தோற்றது. அந்த ஒரு உதையை இன்று நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆலை மூடியாகிவிட்டது. அந்தச் செங்கல் கட்டடத்தில் இப்போது வணிக வளாகம். அணி மட்டும் சிவப்பு வெள்ளைச் சட்டையில் இன்னும் ஆடுகிறது.

1905ஆம் ஆண்டு அணியின் புகைப்படத்தைப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. முன்வரிசையில் பந்தோடு உட்கார்ந்திருப்பவர்தான் கரேகால். போகும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.