கோச் சொன்ன பொய்யால நிஜமாவே ஸ்லோ ஆன நீச்சல் வீரர்கள்!

உயிரைக் கொடுத்து நீந்தி முடிச்சு நிமிர்றீங்க. கோச் ஸ்டாப்வாட்ச்சைப் பாத்து ஒரு டைம் சொல்றாரு. படுமோசம். ஆனா அந்த டைம் பொய்!

வேணும்னேதான் சொன்னாங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி நீச்சல் அணியில உளவியலாளர் மார்ட்டின் செலிக்மேன் குழு நடத்தின சோதனை இது, 1990ல வெளியாச்சு. பொய் டைமைச் சொல்லிட்டு, ஓய்வு கொடுத்து, மறுபடி நீந்தச் சொன்னாங்க. எது நடந்தாலும் "தப்பு என்மேலதான், இது மாறாது, எனக்கு எல்லாமே இப்படித்தான்"னு காரணம் சொல்ற பழக்கம் உள்ளவங்க ரெண்டாவது தடவை உண்மையிலேயே மெதுவாயிட்டாங்க. மத்தவங்களுக்கு வேகம் குறையல. தோல்வி பொய், சரிவு நிஜம்! விளையாட்டு உளவியல்ல என்னோட ஃபேவரிட் சோதனை இதுதான். கோச்சுங்களே, தயவுசெஞ்சு இதை ட்ரை பண்ணிடாதீங்க. அப்புறம் நிஜ டைம் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்.

ஜெயிச்சாலும் தோத்தாலும் நாம சொல்லிக்கிற காரணம் நம்மள எப்படி மாத்துதுங்கிறதுதான் விஷயம். அந்தத் தியரியைச் சட்டுனு முடிச்சிடுவோம். 1958ல உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் விதை போட்டாரு, இன்னொரு உளவியலாளர் பெர்னார்ட் வைனர் வளர்த்தாரு. காரணம் எனக்குள்ளயா வெளியயா? நிலையானதா மாறக்கூடியதா? என் கையில இருக்கா? இந்த மூணு கேள்விதான்.

இப்போ 1988 சியோல் ஒலிம்பிக்ஸ். அதே பெர்க்லியில நீந்தின அமெரிக்க வீரர் மேட் பியோண்டி, 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில 53.01 வினாடி. சுரினாம் வீரர் ஆன்டனி நெஸ்டி 53.00. கடைசியில பியோண்டி இன்னொரு ஸ்ட்ரோக் போடாம சுவர் வரைக்கும் அப்படியே சறுக்கிப் போனாரு, தங்கம் போச்சு. இந்தத் தோல்விக்கு ரெண்டு விதமா காரணம் சொல்லலாம். "பெரிய ரேஸ்ல நான் சொதப்பிடுவேன்"னா நம்பிக்கை காலி. "ஃபினிஷ்ல ஸ்ட்ரோக் கணக்கு தப்பிடுச்சு"ன்னா, நாளைக்கே பயிற்சியில சரிபண்ணிடலாம். அந்த ஒலிம்பிக்ஸ்ல மத்த ரேஸ்கள்ல பியோண்டி மொத்தம் 5 தங்கம் ஜெயிச்சாரு!

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. "முயற்சி பத்தல"ங்கிறது நல்ல காரணம் மாதிரி தெரியும். ஆனா முழு மூச்சா ஆடித் தோத்தவர்கிட்ட போய் அதைச் சொன்னா, "இவ்ளோ பண்ணியும் முடியலன்னா எனக்குத் திறமையே இல்ல"ன்னுதான் முடிவுக்கு வருவாரு. அவர்கிட்ட உத்தியைப் பத்திப் பேசுங்க: டென்னிஸ்ல இரண்டாவது சர்வ் எங்க விழுந்துச்சு, ஓட்டத்துல முதல் லேப் வேகம் கூடிப்போச்சா. அம்பயரைத் திட்டினா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரும், ஆனா திருத்திக்க ஒண்ணும் மிஞ்சாது.

ஜெயிச்சப்பவும் இதே கதைதான். தன்னம்பிக்கைக்குப் பலமான ஆதாரம் நாமளே செஞ்சு காட்டின சாதனைன்னு உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா சொன்னாரு. "ஏதோ லக்கு"ன்னு தள்ளிவிட்டா, ஜெயிச்ச மேட்ச்கூட அந்தக் கணக்குல ஏறாது.

செய்முறை இதான். மேட்ச் முடிஞ்ச சூட்டுல வேண்டாம், மனசு ஆறினதும் ஒரு நோட்டை எடுங்க. மூணு காரணம் எழுதுங்க. உங்க கையில இல்லாததை அடிச்சிடுங்க. மிச்சத்துல ஒண்ணை எடுத்து, அடுத்த பயிற்சியில செய்யப்போற ஒரு வேலையா மாத்துங்க. "கவனமா ஆடணும்" செல்லாது. "20 ரிட்டர்ன், எல்லாமே கிராஸ்கோர்ட்" (அதாவது கோர்ட்டுக்குக் குறுக்கே எதிர்மூலைக்கு) செல்லும். ஜெயிச்ச நாள்லயும் எழுதணும், அதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

கடைசியா நீங்க தோத்ததுக்கு என்ன காரணம் சொன்னீங்க? கமெண்ட்ல போடுங்க. "பிட்ச் சரியில்ல" கோஷ்டிக்குத் தனி வீடியோ வருது!